பிமினி முறுக்கும் உன் அம்மாவின் இரண்டு கைகளும்

ஆத்தா,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பது நேற்றுச் சாயங்காலமே எனக்குத் தெரிந்துபோய்விட்டது. சந்தோஷத்தில் கடையில் கிடந்த ஒரே மோட்டாருக்கு இரண்டு தடவை வார்னிஷ் அடித்து வைத்திருக்கிறேன். மோட்டார்க்காரர் வந்து பார்த்து, இவ்வளவு பளபளப்பாக என் மோட்டார் புதிதில்கூட இருந்ததில்லையே என்றார். ஆனால் உன் அம்மாவுக்கு இன்னும் விஷயம் தெரியாது. எனக்குத் தெரிந்து அவளுக்குத் தெரியாமல் இருக்கிறதே, அதுதான் இப்போது நம் வீட்டுக்குள் புகுந்திருக்கிற ஆபத்து. அவள் கண்டுபிடிப்பதற்குள் நீ போனை எடுத்து அவளிடம் சொல்லிவிட வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உன் வீட்டுக்காரரைத் திட்டாதே. நாங்கள் வழக்கம்போலத் தூண்டில் நரம்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தோம். புதிதாக வாங்கிய மெல்லிய பின்னல் நரம்பை இரட்டிக்க எந்த முடிச்சு சரிப்படும் என்று கேட்டார். மாமனாரிடம் மருமகன் கேட்கிற கேள்வியா இது என்று நீ கேட்பாய். நாங்கள் வேறு என்ன பேசுவது, தங்கம் விலையா? "வர்ற ஞாயித்துக்கிழமை ஆத்துக்கு வாங்க மாப்ளே, நேராவே கட்டிப் பாத்துக்கிருவோம்" என்றேன். "இந்த வாரம் முடியாது மாமா, அவளுக்கு ஸ்கேன் எடுக்கணும்" என்றார். "எதுக்கு ஸ்கேனு?" என்றேன். உங்கள் குமுளியில் கரண்டு போனால் வருமே ஒரு அமைதி, அப்படி ஒரு அமைதி. அப்புறம், "மாமா, நீங்க எத்தனை சுத்து முறுக்குவீங்க?" என்றார். "அத விடுங்க மாப்ளே, எத்தனாவது மாசம்?" என்றேன். "மூணு" என்றார். அதற்குப் பிறகும் இரண்டு பேரும் கொஞ்ச நேரம் முடிச்சைப் பற்றியே பேசினோம். என்ன பேசினோம் என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது.

ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்றால், குரல் பதிந்து அனுப்ப வீட்டில் வழியில்லை. நான் எப்போது மெதுவாகப் பேச ஆரம்பிக்கிறேனோ அப்போது உன் அம்மாவின் தையல் மெஷின் நின்றுவிடும். போனில் எழுத்தைத் தட்டலாம் என்றால், மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றிச் சுற்றித் தடித்துப்போன என் விரல் ஒரு எழுத்தைத் தொட்டால் மூன்று எழுத்து விழுகிறது. ஆகவே கடையில் உட்கார்ந்து எழுதி, போட்டோ பிடித்து அனுப்புகிறேன். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுத்து. பிழை இருந்தால் சிரித்துவிட்டு மேலே படி.

போன தடவை என்ன நடந்தது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ உன் கல்யாண விஷயத்தை முதலில் என்னிடம் சொன்னாய். "நேரம் பாத்து நீங்களே அம்மாகிட்டச் சொல்லுங்கப்பா" என்றாய். நான் நேரம் பார்த்தேன். நீயும் நேரம் பார்த்தாய். இரண்டு பேரும் கடிகாரக் கடை வைக்கலாம், அவ்வளவு நேரம் பார்த்தோம். கடைசியில் கோம்பையில் ஒரு காதுகுத்து வீட்டில், பந்தியில் பக்கத்து இலைக்காரி, "உங்க வீட்ல சீக்கிரம் விசேஷமாம்ல?" என்று கேட்க, உன் அம்மா வாயில் வைத்த அப்பளத்தோடு அப்படியே இருந்தாளாம். வீட்டுக்கு வந்து சண்டை போட்டிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். போடவில்லை. "பையன் யாரு எவருனு நான் ஒண்ணும் கேக்கல. கல்யாணத்தத் தாராளமா முடிங்க. ஊருக்கே தெரிஞ்சப்பறம் பெத்தவளுக்குத் தெரிஞ்சுச்சு பாருங்க, அது ஒண்ணுதான்" என்றாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

நம்மோடு பேசினாள். மாப்பிள்ளையோடுதான் பேசவில்லை. அவர் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் காப்பியைக் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை, பேச்சுத்தான் இல்லை. நீ அடுப்படியில் நின்றுகொண்டு, ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாளா என்று அவள் முகத்தையே பார்த்தாய். பத்திரிகை அடிக்கக் கொடுக்கிற நாள் நெருங்க நெருங்க நீ சோற்றைப் பிசைந்தாயே தவிரத் தின்னவில்லை. மேடையில் மாமியாரும் மருமகனும் ஊமைப் படம் காட்டுவார்களோ என்று எனக்கே பயம் பிடித்துவிட்டது.

அப்போதுதான் அந்த ஆற்றங்கரை நாள் வந்தது. அன்றைக்கு நடந்ததை உன் அம்மா உனக்கு ஒரு விதமாகச் சொல்லியிருப்பாள், உன் வீட்டுக்காரர் ஒரு விதமாகச் சொல்லியிருப்பார். நடந்தது நடந்தபடி நான் சொல்கிறேன்.

மாப்பிள்ளை குமுளியிலிருந்து தூண்டில் பையோடு வந்து இறங்கினார். நான் வண்டியை எடுத்தேன். உன் அம்மா, ஹெம்மிங் பண்ண வேண்டிய ஜாக்கெட் ஒன்றையும் ஊசி நூலையும் எடுத்துக்கொண்டு வந்து பின்னால் ஏறினாள். "நீ எங்க?" என்றேன். "ரெண்டு விரால் மீனக் காட்டுனாப் போதும், பொண்ணோட சேத்து வீட்டையும் எழுதிக் குடுத்துருவீக. அதான் கூட வாரேன்" என்றாள். தடுப்பணைக்கு மேலே, ஆறு தேங்கி ஆகாயத்தாமரை படர்ந்து கிடக்கிற இடம் உனக்குத் தெரியும். அங்கன ஒரு பாறையில் எங்களுக்குப் பாதி முதுகு காட்டி உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள்.

தாமரைக்கு அடியில் விரால் கிடக்கும். ரப்பர் தவளையை இலைமேல் எறிந்து இழுத்துக்கொண்டே வந்தால் நிஜத் தவளை என்று கவ்வும். எறிகிற நரம்பு மெல்லிசாக இருந்தால்தான் தூரம் போகும். ஆனால் மெல்லிய நரம்பு செடியில் உரசித் தேயும் என்பதால் முன்னால் கனத்த நைலான் ஒரு பாகம் கட்டுவோம். மெல்லிசையும் கனத்ததையும் அப்படியே சேர்த்துக் கட்டினால் மெல்லிசு வழுக்கும், இல்லை தன்னையே அறுத்துக்கொள்ளும். அதனால்தான் மெல்லிய நரம்பின் முனையை முதலில் மடித்து, இரட்டையாக்கி, ஒரு கண்ணி போட்டுக்கொண்டு, அந்த இரட்டை நரம்பைக் கனத்ததோடு கட்டுகிறோம். அந்தக் கண்ணியை எந்த முடிச்சில் போடுவது என்பதில்தான் எனக்கும் மாப்பிள்ளைக்கும் தகராறு.

என்னுடையது சுலபம். நரம்பை மடி, வளை, மடித்த முனையை இரண்டு தடவை உள்ளே விட்டு எடு, எச்சில் தொட்டு இறுக்கு. முடிந்தது. போன் வீடியோவில் அதற்கு டாக்டர் போடுகிற முடிச்சு என்று பெயர் வைத்திருக்கிறார்களாம். நான் போடும்போது அதற்குப் பெயரே கிடையாது. மாப்பிள்ளை போடுவது பிமினி முறுக்கு. நரம்பை மடித்து, கண்ணிக்குள் கையை விட்டு இருபது சுற்றுக்குக் குறையாமல் முறுக்கி, அப்புறம் கண்ணியை விரித்து முறுக்கை இறுக வைத்து, மிச்ச முனையை அந்த முறுக்கின் மேலேயே வரிசையாகச் சுற்றவிட்டு, அடியில் பூட்டுப் போடுகிற வேலை. "மாப்ளே, நான் மோட்டாருக்குக் காயில் சுத்திச் சாப்பிடுறவன். எனக்கே சுத்திக் காட்டுறீகளா? நீங்க கட்டி முடிக்கிறதுக்குள்ள விரால் பேரன் பேத்தி எடுத்துரும்" என்று கேலி பண்ணிவிட்டு என் முடிச்சில் ஒரு தவளையைக் கட்டி எறிந்தேன்.

தவளை தாமரைத் தண்டில் மாட்டியது. இழுத்தேன், டப்பென்று போனது. அடுத்த தவளையும் அதே மாதிரி போனது. இந்தத் தடவை வீம்புக்கு நரம்பைக் கையில் சுற்றி இழுத்தேன், தவளையோடு என் விரல் தோலும் போனது. இதை மட்டும் நினைவில் வை ஆத்தா, நரம்பைக் கையில் சுற்றி ஒருநாளும் இழுக்காதே, ஒரு குச்சியில் சுற்றி இழு. மாப்பிள்ளை சிரிக்கவில்லை, பாவம், கல்யாணம் ஆக வேண்டியவர். பாறைப் பக்கமிருந்துதான் ஒரு சிரிப்பு வந்தது, ஜாக்கெட்டைப் பார்த்து. "நரம்புல குத்தம் இல்ல மாமா. முடிச்சுக்கிட்டதான் அறுந்திருக்கு. இந்த நரம்பு வழவழனு இருக்கறதால ரெண்டு சுத்துல நிக்காது" என்றார் மாப்பிள்ளை.

பிமினியைத் தனியாளாகவும் போடலாம். தரையில் உட்கார்ந்து, கண்ணியை இரண்டு முழங்காலில் மாட்டி, காலை விரித்துக்கொண்டால் போதும். ஆனால் மாமியாரைப் பார்க்கப் போகிறோம் என்று அவர் புது ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். அதைப் போட்டுக்கொண்டு நிற்கலாம், நடக்கலாம், முழங்காலை மடக்க முடியாது. எனக்கோ கையில் கைக்குட்டைக் கட்டு, தூண்டில் கம்பைப் பிடித்து நரம்பை விறைப்பாக வைக்கத்தான் முடியும். கண்ணியை விரிக்க இரண்டு கை வேண்டும். ஆற்றங்கரையில் மிச்சம் இருந்த கை எது என்று மூன்று பேருக்கும் தெரியும். "இந்தா, கொஞ்சம் வந்து பிடி" என்றேன். அவள் ஊசியை ஜாக்கெட்டில் குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

இனிமேல்தான் கூத்து. மாப்பிள்ளை முறுக்கி முடித்துக் கண்ணியை அவள் இரண்டு கையிலும் மாட்டினார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம் இடைவெளி இருக்கும். அவர் என்னைப் பார்த்து, "மாமா, அத்தைய மெதுவா விரிக்கச் சொல்லுங்க" என்றார். நான் அவளிடம், "மெதுவா விரிக்கணுமாம்" என்றேன். அவள் என்னிடம், "இது போதுமானு கேளுங்க" என்றாள். நான் அவரிடம் கேட்டேன். அவர் என்னிடம் "இன்னுங் கொஞ்சம்" என்றார். நான் அவளிடம் "இன்னுங் கொஞ்சம்" என்றேன். ஆண்டிபட்டியில் பஸ் மாறி மதுரைக்குப் போகிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையும் என் வழியாக மாறிப் போய்க்கொண்டிருந்தது. முனை முறுக்கின்மேல் உருளுகிற நேரத்தில் கை நிதானமாக விரிந்தபடி இருக்க வேண்டும். "நிப்பாட்டச் சொல்லுங்க" என்று அவர் சொல்லி, நான் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் உன் அம்மா இழுத்துவிட்டாள். சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறி, முடிச்சு சேமியா பாயாசம் மாதிரி ஆகிப்போனது.

மாப்பிள்ளை அதை வெட்டி எறிந்துவிட்டு, மறுபடி மடித்து முறுக்க ஆரம்பித்தார். உன் அம்மா வெறுங்கையை நீட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு, "என்கிட்ட நேராச் சொல்லுங்க தம்பி. இவுக வழியா வந்தா இன்னைக்குப் பூரா இங்கன நிக்க வேண்டியதுதான்" என்றாள்.

அந்த மனுஷன் கையில் முறுக்கு நின்றுவிட்டது. நான், "மாப்ளே, முறுக்க விட்ராதீக" என்று கத்தினேன். "சரிங்கத்தை. ரெண்டு கையும் ஒண்ணுபோல விரிங்க. அப்படித்தான். நான் முனையத் தளத்துறேன், நீங்க அப்படியே போய்க்கிட்டே இருங்க" என்றார். நரம்பு தானாக உருண்டு, முறுக்கின்மேல் வரிசை கலையாமல் இறங்கியது. "மதி அத்தை, மதி" என்றார், பதற்றத்தில் போதும் என்பது குமுளி மலையாளமாக வந்துவிட்டது. அவளும் சரியாக அங்கேயே நின்றாள். பூட்டுப் போட்டு முடித்ததும், உன் அம்மா அந்த முடிச்சைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, தைத்த துணியைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். "ஏறாம இறங்காம வந்துருக்கே" என்றாள். அப்புறம், "ஓரத்துல இம்புட்டு நூலு எதுக்கு விட்டுருக்கீக?" என்று கேட்டாள். "ஒட்ட வெட்டுனா உருவிக்கிரும் அத்தை." "ஆமா, பட்டனுக்குக் காஜா எடுக்கறப்பயும் அப்படித்தான். என்கிட்டத் தையல் பழக வர்ற பிள்ளைககிட்டச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுருச்சு." இதுதான் ஆத்தா, உன் அம்மாவும் உன் வீட்டுக்காரரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு. உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது, என்னைப் பற்றியும் கிடையாது.

அப்புறம் எறிந்தோம். தவளை மறுபடியும் தாமரையில்தான் மாட்டியது. ஆனால் முடிச்சு விடவில்லை. மாப்பிள்ளை நரம்பைக் குச்சியில் சுற்றி இழுக்க, நான் அவர் இடுப்பைப் பிடித்து இழுக்க, ஒரு வண்டி ஆகாயத்தாமரை அப்படியே வேரோடு நகர்ந்து கரைக்கு வந்தது. தேர் வருகிற மாதிரி வந்தது. "கையப் பாத்து மாப்பிள்ளை, அறுத்துக்கிறப் போறீக" என்று உன் அம்மா குரல் கொடுத்தாள். தம்பி எப்போது மாப்பிள்ளை ஆனார் என்று அவளும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் கவனித்தேன், கவனித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடியதை நீ பார்த்ததே இல்லை, ஆகவே நம்ப மாட்டாய்.

மீன் ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றைக்கு நீ விரும்பித் தின்ற விரால் குழம்பு தேனி மீன் கடையில் உன் அம்மா பேரம் பேசி வாங்கியது. "புடிச்சதுனே சொல்லுங்க மாப்பிள்ளை, பிள்ள சந்தோசப்படுவா" என்று சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். அவர் அதை அப்படியே உன்னிடம் ஒப்பித்தார். வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு பேரும் ஒரு கட்சி ஆகிவிட்டார்கள்.

முடிச்சைப் பற்றி எனக்குத் தெரிந்ததையும் சொல்லிவிடுகிறேன், நீயும் இப்போது அவரோடு ஏரிக்கரைக்குப் போகிறாயாமே. கெண்டைக்கும் ஜிலேபி மீனுக்கும் நைலான் நரம்புதான் என்றால் என் முடிச்சே போதும், அதற்குப் போய் இருபது சுற்று முறுக்கிக்கொண்டு இருக்காதே. மெல்லிய பின்னல் நரம்பு, பெரிய மீன், செடி நிறைந்த தண்ணீர் என்றால் பிமினி போடு, அது வெடுக்கென்ற இழுப்பைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். அவசரத்தில் பிமினி போடாதே. எந்த முடிச்சையும் காய்ந்தபடி இறுக்காதே, சூட்டில் நரம்பு செத்துவிடும். எச்சில் தொட்டு, மெதுவாக இறுக்கு. கட்டியதைத் தண்ணீரில் போடும்முன் காலால் மிதித்து ஒருமுறை இழுத்துப் பார். வீட்டில் அறுந்தால் சிரிப்பு, ஆற்றில் அறுந்தால் தவளை போய்விடும். இதில் வாழ்க்கைப் பாடம் ஏதாவது இருக்கிறதா என்று தேடாதே. இது மீன் பிடிக்கிற பாடம்.

வாழ்க்கைக்கு என்னிடம் இருக்கிறது ஒன்றே ஒன்று. உன் அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதை யார் வழியாகவும் சொல்லி அனுப்பாதே. என் வழியாக வேண்டவே வேண்டாம். நேரம் பார்க்காதே. இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் அவளைக் கூப்பிட்டு, "அம்மா, உனக்குத்தான் மொதல்ல சொல்றேன்" என்று சொல். நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி பக்கத்தில் நின்று வாயைப் பிளக்கிறேன். அதற்குள் எனக்கு எதுவும் வெடித்துவிடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆத்தா, நேற்று இதுவரை எழுதிவிட்டு, சாப்பிட்டு வந்து போட்டோ பிடித்து அனுப்பலாம் என்று வீட்டுக்குப் போனேன். மிச்சத்தை இன்றைக்கு எழுதுகிறேன்.

உன் அம்மா சோறு போட்டாள். நான் இலையைப் பார்த்தே தின்றேன். "என்னங்க, குழம்புல உப்பு இல்ல. வாயத் தொறக்காமத் தின்னுறீக?" என்றாள். "நல்லாத்தான இருக்கு" என்றேன். "உப்பே போடலயே. வேணும்னுதான் போடாம விட்டேன்" என்றாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். கழுத்தில் டேப்பைப் போட்டபடி, இடுப்பில் கை வைத்து நின்று, சிரிப்பை அடக்க முடியாமல் தோள் குலுங்குகிறது. "நேத்து ராத்திரியே சொல்லிருவீகனு நெனச்சேன். இம்புட்டு நேரம் தாக்குப் பிடிச்சுட்டீகளே. மாப்பிள்ளைகிட்டப் பந்தயத்துல தோத்துட்டேன்" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம்தான் சொன்னாள். போன வாரமே நீ அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாயாம். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும், வாசல்படிகூட இறங்காமல், உன் வீட்டுக்காரர் வண்டி எடுக்கப் போன இடைவெளியில். அவருக்கே அப்புறம்தான் தெரியுமாம். "என்கிட்டத்தான் மொதல்ல. புருசனுக்கும் முந்தி" என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் ஒருமுறை சொன்னாள். இரவும் சொன்னாள். இன்று காலை பால்காரரிடமும் சொன்னாள். அந்த ஸ்கேன் பேச்சு, அந்த அமைதி, அந்தத் தடுமாற்றம் எல்லாம் அவள் எழுதிக்கொடுத்த வசனமாம். நரம்புப் பேச்சுக்கு நடுவில் சொன்னால்தான் எனக்குச் சந்தேகம் வராது என்று யோசனை சொன்னவளும் அவளேதானாம். "என்னய அத்தன நாள் தெரியாம வச்சிருந்தீகள்ல. ஒரு நாள் நீங்க தவிங்க" என்றாள்.

இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை. ஒளிக்க இனி இதில் ஒன்றும் இல்லை, யாருக்கு வேண்டுமானாலும் வாசித்துக் காட்டு. நீ சொன்ன அன்றைக்கே அவள் பழைய வேட்டியை எடுத்துத் துவைத்து, சின்னச் சின்னச் சட்டையாக வெட்ட ஆரம்பித்துவிட்டாளாம். ஒரு வாரமாக என் கண்ணெதிரேதான் தைத்திருக்கிறாள். பொம்மைக்கு என்று சொன்னாள், நானும் நம்பினேன். நம் வீட்டில் எல்லாருக்கும் கடைசியாக எனக்குத்தான் தெரிந்திருக்கிறது. அந்தக் கடைசி இடத்தில் நின்று பார்த்தால் உன் அம்மாவின் முகம் நன்றாகத் தெரிகிறது ஆத்தா. நல்ல இடம்தான்.

உன் அப்பா